‘மனம் கலங்கிவிடக் கூடாது’: டெல்டாவின் விளையாட்டு வீரர்கள் சுமக்கும் மௌனம்

2021 ஆகஸ்ட் மாதம். டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் மாற்று வீராங்கனையாக இடம்பெற்றிருந்த தனலட்சுமி சேகர், திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். திருச்சியை அடுத்த குண்டூர்தான் அவருடைய ஊர். அதே ஆண்டு மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில், பி.டி. உஷா 1998-ல் வைத்திருந்த போட்டிச் சாதனையை முறியடித்தவர். ஊருக்குத் திரும்பிய அவரிடம் அன்றுதான் ஒரு செய்தி சொல்லப்பட்டது. அவர் வெளிநாட்டில் இருந்த நாள்களில் அவருடைய சகோதரி இறந்துபோயிருந்தார். மகளின் கவனம் சிதறிவிடக் கூடாது என்று தாய் அதை மறைத்து வைத்திருந்தார். விமான நிலையத்திலேயே தனலட்சுமி மண்டியிட்டு அழுதார்.

செய்தியைப் படித்த டெல்டாக்காரர் எவருக்கும் அந்தத் தாயின் முடிவு புதிராக இருந்திருக்காது. நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குவைத்திலோ இருப்பார். தாத்தா இறந்தால், ‘அவனுக்கு இப்போது சொல்ல வேண்டாம், தனியாக இருக்கிறான், மனம் கலங்கிவிடுவான்’ என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் அப்படித்தான். மறைப்பது எங்கள் ஊரில் அன்பின் ஒரு வடிவம். வேலைக்குப் போனவரும் தன் பங்குக்கு மறைப்பார். காய்ச்சலில் படுத்துக் கிடந்தபடியே, ‘நான் நன்றாக இருக்கிறேன், நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தொலைபேசியில் சொல்வார்.

விளையாட்டு வீரரின் வாழ்க்கை இந்த இருவழி மௌனத்தின்மேல்தான் ஓடுகிறது. வீடு அவரிடம் கடனைச் சொல்வதில்லை. அவர் வீட்டிடம் முழங்கால் வலியைச் சொல்வதில்லை. பயிற்சியாளரிடம் தூக்கமின்மையைச் சொல்வதில்லை. தேர்வாளரிடம் எதையுமே சொல்வதில்லை. உச்ச நிலை விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றி உலகம் கடந்த பத்து ஆண்டுகளாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பேச்சை நம் வாய்க்கால் கரைக்குக் கொண்டுவந்தால் முதலில் எதிர்ப்படுவது இந்த மௌனம்தான்.

*

முதலில், எண்கள் சொல்வதைப் பார்த்துவிடலாம். 2019-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, உச்ச நிலை வீரர்களின் மனநலம் குறித்து நிபுணர்களின் ஒருமித்த அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு, அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, ஆடிக்கொண்டிருக்கும் உச்ச நிலை வீரர்களில் சுமார் 34 விழுக்காட்டினரிடமும், ஓய்வு பெற்றவர்களில் சுமார் 26 விழுக்காட்டினரிடமும் மனப்பதற்றம் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. அறிகுறி இருப்பதும் நோய் என்று மருத்துவர் உறுதி செய்வதும் ஒன்றல்ல. வினாத்தாளுக்கு வீரர்களே அளித்த பதில்களிலிருந்து வந்த கணக்கு இது. ஆகவே மூன்றில் ஒரு வீரர் மனநோயாளி என்று இதை வாசித்துவிடக் கூடாது. ஆனால் உடலை எஃகாக்கியவருக்கு மனமும் தானே எஃகாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்ணில் இடமில்லை.

வயதுக் கணக்கு இன்னும் முக்கியமானது. வாழ்நாளில் வரக்கூடிய மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழ பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்பது மனநல மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கண்டுபிடிப்பு. ஓட்டக்காரர்களும் கபடி வீரர்களும் உருவாகும் வயது எது? ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ பிள்ளை விளையாட்டு விடுதிக்குப் போகிறது. பதினெட்டில் மாநில அணி, இருபதில் தேசிய முகாம், இருபத்து நான்கில் உச்சம். மனம் மிக எளிதில் உடையக்கூடிய அதே பத்து ஆண்டுகளில்தான் நாம் அதன்மேல் மிக அதிகப் பாரத்தை ஏற்றுகிறோம். அதுவும் பெற்றோரைப் பிரிந்து, பத்துப் பேர் படுக்கும் அறையில், விடியற்காலை ஐந்து மணி விசிலுக்கு எழுந்து.

*

‘பெரிய போட்டி என்றால் பயந்துவிடுகிறான்’ என்று மைதானத்து ஓரத்தில் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. உடலுக்குள் நடப்பது வேறு.

பல்லாயிரம் முறை செய்து பழகிய அசைவு மூளையில் யோசனை தேவைப்படாத பழக்கமாகப் பதிந்துவிடுகிறது. நாற்று நடும் பெண்களின் விரல்கள் எண்ணிக்கொண்டா நடுகின்றன? பேச்சும் பாட்டும் ஓட, கை தன் போக்கில் நடும். யாராவது வந்து, ‘ஒவ்வொரு நாற்றையும் எத்தனை விரலால் பிடிக்கிறாய் என்று பார்த்துப் பார்த்து நடு’ என்றால் வரிசை கோணிப்போகும். கடும் நெருக்கடியில் வீரரின் கவனம் இப்படித்தான் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. தானாக நடந்துகொண்டிருந்ததை அவர் கண்காணிக்கத் தொடங்குகிறார், அசைவு சிதறுகிறது. தைரியக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதன் மிகக் கடுமையான வடிவத்தை உலகமே பார்த்தது. 2021 ஜூலை 27 அன்று டோக்கியோவில், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் குதிமேடையில் இரண்டரைச் சுழற்சி செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றரையோடு தரையிறங்கினார். பிறகு அணிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது, தரை எந்தப் பக்கம் என்ற உணர்வு அறுந்துபோகும் நிலை அது. அந்த விளையாட்டில் இருப்பவர்கள் ‘ட்விஸ்டீஸ்’ என்கிறார்கள். கொள்ளிடத்தில் வெள்ளக் காலத்தில் சுழியில் மாட்டிக் கரையேறியவர்களைக் கேட்டால், மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போன அந்த நொடியைச் சொல்வார்கள். அதே நிலையில் தலைகீழாகச் சுழன்று தரையிறங்க வேண்டியவருக்குக் கழுத்து முறியலாம். பைல்ஸ் விலகியபோது அவரைக் கோழை என்று ஏசியவர்கள் உண்டு. ஒரு வாரம் கழித்துச் சமநிலைத் தண்டில் வெண்கலம் வென்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸில் 3 தங்கமும் 1 வெள்ளியும் வென்றார். நான் முக்கியமாகக் கருதுவது அந்தப் பதக்கங்களை விட, ‘என்னால் இப்போது முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னதும் அவரைச் சுற்றி இருந்த மருத்துவரும் பயிற்சியாளரும் சக வீராங்கனைகளும் அதை ஏற்றுக்கொண்டதைத்தான். சொல்வதற்கு ஒருவர் இருந்தால் போதாது. கேட்டுக்கொள்வதற்கும் ஆட்கள் வேண்டும்.

*

வடுவூர் என்றால் ஏரி, கோதண்டராமர் கோயில், கபடி. திருவாரூர் மாவட்டத்தின் இந்த ஊரில் கபடி, பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கூடப் பழகுவது. பொங்கலையொட்டியும் கோடையிலும் டெல்டா முழுக்க இரவு விளக்குகளின் கீழ் தொடர் கபடிப் போட்டிகள் நடக்கும். பாடிப் போகிறவனின் பெயரை ஒலிபெருக்கி சொல்லும்போது அவனுடைய அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். 2014-ல் புரோ கபடி லீக் வந்த பிறகு அந்த முகத்தில் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஏலத்தில் ஒரு பையன் எடுக்கப்பட்டால் வீடு ஓட்டிலிருந்து மாடிக்கு மாறும். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் அந்த லீக்கில் ஆடினார். அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். ஆனால் அவருடையது அரிய ஆயுள். பெரும்பாலானவர்களின் கபடி வாழ்க்கை ஒரு முழங்காலின் வாழ்க்கைதான்.

‘முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வார்கள். அறுவை சிகிச்சை செய்தாலும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். எம்.ஆர்.ஐ. எடுத்து, ஜவ்வைச் சரிசெய்து, நடைப்பயிற்சி சொல்லித்தந்து அனுப்பிவிடுவார்கள். அந்த ஒன்பது மாதம் அவன் யார்? இதுதான் கேள்வி. ஐந்தாம் வகுப்பிலிருந்து அவன் ‘கபடிக்காரன்’. படிப்பை அதற்காக விட்டான். திருமணப் பேச்சில்கூட அதுதான் அவன் அடையாளம். உளவியலாளர்கள் இதை விளையாட்டு அடையாளம் என்று சொல்கிறார்கள். வேறு எந்த அடையாளத்தையும் வளரவிடாமல் அந்த ஒன்று மட்டும் மனிதரை நிறைத்துவிட்டால், காயமும் ஓய்வும் ஆளையே பறித்துக்கொண்டு போகின்றன. ஒருபோக நிலத்தைப் போல அந்த வாழ்க்கை. சம்பா பொய்த்தால் அந்த ஆண்டுக்கு வேறு எதுவும் இல்லை.

இதை ஓரளவு தாங்கிப் பிடிப்பது வேலைதான். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது; ரயில்வேயும் ராணுவமும் நெடுங்காலமாக வீரர்களை எடுத்து வருகின்றன. லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்தில் இருந்துகொண்டே ஓடியவர். மாதச் சம்பளம் மனநல மருந்து அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். வட்டிக்கு வாங்கி ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித்தந்த வீட்டிலிருந்து வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய மருந்து என்பது அவருக்குத்தான் தெரியும்.

*

தோற்றவர்களுக்குத்தான் துயரம் என்று நினைக்கிறோம். ஊரில் இன்னொரு அவதானிப்பும் உண்டு. பெரிய வெற்றிக்குப் பிறகு பையன் சுணங்கிப்போனால், சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தால், ‘கண் பட்டுவிட்டது’ என்று மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுவார்கள். காரணம் வேறாக இருக்கலாம், கண்டுகொண்டது சரியானது. வெற்றிக்குப் பின் வரும் சரிவு உண்மை.

2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்துக்கு உரியவர். அந்த வெற்றிக்குப் பிறகு தன்னைச் சூழ்ந்த வெறுமையையும் மனச்சோர்வையும் பற்றி அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சிறுவயது முதல் ஒவ்வொரு நாளையும் அந்த ஒரு காலையை நோக்கியே செலவிட்டவருக்கு, அந்தக் காலை கடந்துபோனதும் மறுநாள் எதற்காக எழுவது என்று தெரியவில்லை. 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் தான் மனச்சோர்வில் விழுந்ததையும், 2012-க்குப் பிறகு வாழவே விருப்பமற்றுப் போனதையும் சொன்னார். டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா 2018-ல் அமெரிக்க ஓப்பனை வென்றதிலிருந்தே மனச்சோர்வோடு போராடி வந்ததாக 2021-ல் எழுதினார். மூவருமே உச்சியில் நின்றபோது பாதிக்கப்பட்டவர்கள்.

*

நான் இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் பின்னால் யாரோ ஒருவர் நின்றார்கள். பின்னால் யாருமே நிற்காதபோது என்ன ஆகும் என்பதற்கு டெல்டாவின் தெற்கு விளிம்பிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதை நான் சுருக்கமாகக் கடந்துபோக மாட்டேன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். ஓடி முடித்த சில நாள்களிலேயே பாலினச் சோதனை. அதில் அவர் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தச் சோதனை எதற்கு, அதில் என்ன தெரியவந்தது என்பதெல்லாம் அவருக்குச் சரியாக விளக்கப்படவே இல்லை. ஆனால் நாடு முழுவதும் தொலைக்காட்சிகள் அதை விளக்கின. ஒரு பெண்ணின் உடலைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்றை ஊர் முழுக்கப் பேசியது. அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, பிறந்த உடலோடு ஓடினார்.

அதற்குப் பிறகு மனச்சோர்வு. 2007-ல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். ஆசியப் போட்டி வெள்ளிக்காக அரசு தந்த பரிசுத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார். நிரந்தர வேலை இல்லாததால் ஒரு கட்டத்தில் மீண்டும் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போனார். அந்தப் படம் நாளிதழ்களில் வந்தபோது பலரும் அதைப் பார்த்து வருத்தப்பட்டோம், வருத்தப்பட்டதோடு நின்றோம். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

இதே போன்ற கேள்வி 2009-ல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவின்மேல் எழுந்தபோது, அந்த நாட்டின் அரசும் மக்களும் அவர் பக்கம் நின்றார்கள். 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கு இதே நிலை வந்தபோது அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றார். வீராங்கனைகளின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஆண் ஹார்மோனுக்கு வரம்பு வைத்த விதியை 2015-ல் அந்த மன்றம் நிறுத்திவைத்தது. அவர் மீண்டும் ஓடினார். சாந்திக்கும் இவர்களுக்கும் மன உறுதியில் வேறுபாடு இருந்ததாக நான் நினைக்கவில்லை. வழக்கறிஞர், மருத்துவர், பேசிய அமைச்சர், கேட்ட அமைப்பு என்று பின்னால் இருந்தவர்கள்தான் வேறுபாடு. மனநலம் என்பது ஒருவரின் மண்டைக்குள் மட்டும் இருப்பதாகப் பேசும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கத்தக்குறிச்சி நினைவுக்கு வரும். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தா அவரைத் தேற்றியிருக்க முடியும்? அவருக்குத் தேவைப்பட்டது நீதியும் வேலையும் கூடவே ஒரு மனநல மருத்துவரும்.

தவறு செய்தவர்களாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திருச்சி மாவட்டம் முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வென்றார், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 4 ஆண்டுத் தடை பெற்றார், தங்கம் போனது. தனலட்சுமியும் 2022-ல் சோதனையில் சிக்கித் தடைக்குள்ளானார். விதிகள் கறாராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தடை பெற்றவர் சங்கத்தின் மைதானத்திலும் பழைய தோழிகளுடனும் முறையான பயிற்சி எடுக்கக் கூடாது என்பதும் அந்த விதியில் இருக்கிறது. தடைக் காலத்தின் கடைசிப் பகுதியில்தான் பயிற்சிக்குத் திரும்பலாம். வரவேற்பு வளைவு கட்டிய அதே தெருவில், பயிற்சியும் நட்பும் வருமானமும் ஒரே நாளில் நின்றுபோன ஓர் இளம்பெண் ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டும். அவர் எப்படி இருக்கிறார் என்று போய்ப் பார்ப்பது தண்டனையை எந்த விதத்திலும் குறைத்துவிடாது.

*

உதவி கேட்பதில் என்ன தடை? கேட்பவரின் மனத்தில் எழும் படம்தான் முதல் தடை. திருச்சிக்கு மேற்கே காவிரி வடகரையில் குணசீலம் இருக்கிறது. பிரசன்ன வெங்கடாசலபதி சன்னிதியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களை ஒரு மண்டலம் தங்கவைத்து, தீர்த்தம் தெளித்து வேண்டிக்கொள்வது தலைமுறைகளாக நடந்து வருகிறது. அந்தக் குடும்பங்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் டெல்டாவில் ‘மனநலம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் கண்ணில் நிற்பது அந்த வரிசைதான். 400 மீட்டரை 53 நொடியில் ஓடும் பெண்ணிடம், ‘மனநல மருத்துவரைப் பார்’ என்றால், ‘என்னையா அங்கே அனுப்பப் பார்க்கிறீர்கள்?’ என்று அவர் நினைப்பார். தூக்கம் வராதது, காரணமில்லாமல் அழுகை வருவது, மைதானத்துக் கேட்டைப் பார்த்தாலே வயிறு புரட்டுவது ஆகியவையும் மருத்துவரிடம் சொல்லக்கூடிய தொல்லைகள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த தடை, தேர்வு. உளவியலாளர் சங்கத்திடம் சம்பளம் வாங்குகிறவர் என்றால், அவரிடம் சொன்னது தேர்வுக் குழுவின் காதுக்குப் போகாது என்று எப்படி நம்புவது? இந்த அச்சம் நியாயமானது. ரகசியம் காக்கப்படும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி இல்லாத எந்த ஆலோசனையும் வீணே.

மருந்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: மனநல மாத்திரை போட்டால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்பது. மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் முதலில் எழுதப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் சில தூண்டு மருந்துகளுக்குப் போட்டிக் காலத்தில் தடை உண்டு. அவற்றுக்கும் மருத்துவக் காரணம் காட்டி முன்கூட்டியே அனுமதி பெற வழி இருக்கிறது. இதை ஒவ்வொரு விடுதியின் சுவரிலும் எழுதி ஒட்டலாம்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். எடை குறையட்டும் என்று குறைவாகச் சாப்பிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்யும்போது மாதவிடாய் நின்றுபோகிறது. விடுதிகளில் இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் உடல் தனக்குப் போதிய எரிபொருள் இல்லை என்று சொல்லும் எச்சரிக்கை அது. எலும்பும் தேயும், மனமும் சோரும். எரிச்சலையும் அழுகையையும் ‘திமிர்’ என்று எழுதிக்கொள்ளும் முன் அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள் என்று பார்க்க வேண்டும்.

*

உதவியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இருப்பதும் எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். 2024-ல் பாரிஸில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியோடும், அதே ஆண்டு சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷோடும் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன் மனப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். அந்தப் போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர். தோல்விக்கு அடுத்த நாளை எப்படிக் கடப்பது என்று கூட இருந்து பேச ஆள் இருந்தது நல்ல விஷயம். ஆனால் இத்தகைய உதவி தலைமடையில் நிற்கிறது. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வரும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வாய்க்காலுக்கு வர இன்னும் நாளாகும், வராமலே போன ஆண்டுகளும் உண்டு. வீரர் உருவாவதும் உடைவதும் திரும்பி வருவதும் கடைமடையில்தான். மயிலாடுதுறை ராஜன் தோட்டத்தில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) பயிற்சி மையத்திலும், தஞ்சை அன்னை சத்யா அரங்கத்திலும், திருச்சி அண்ணா அரங்கத்திலும் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அருகில் யார் இருக்கிறார்கள்? உடற்கல்வி ஆசிரியர். அவர்தான் பயிற்சியாளர், காப்பாளர், சில நேரம் பஸ் காசு கொடுப்பவர்.

அவருக்குக் கைகொடுக்கக்கூடிய அமைப்பு இங்கேயே இருக்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தை மத்திய அரசு 1996-ல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டம் திருச்சிதான். இன்று எல்லா மாவட்டங்களிலும் அது செயல்படுகிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021-ல் வெளியிட்ட மனநல மதிப்பீட்டுக் கருவி பத்துக் கேள்விகளில் தொடங்குகிறது; மருத்துவர் அல்லாத பயிற்சியாளரும் குடும்பத்தாரும் அறிகுறிகளைக் கண்டுகொள்வதற்கென்றே தனியாக ஒரு எளிய படிவமும் இருக்கிறது. மாவட்ட மனநலக் குழு மாதம் ஒருமுறை விளையாட்டு விடுதிக்கு வருவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட விளையாட்டு அலுவலரும் மாவட்ட மனநல மருத்துவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் நடந்துவிடும்.

உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொரு நாளும் ஸ்டாப்வாட்ச் நேரத்தை நோட்டில் எழுதுகிறார். அதன் பக்கத்தில் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று ஒரு கட்டம் சேர்க்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து அந்தக் கட்டத்தில் எண் குறைந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து தொலைபேசியில் அம்மா முதலில் கேட்பது ‘சாப்பிட்டாயா?’ என்றுதான். ‘தூங்கினாயா?’ என்றும் கேட்கலாம்; கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கலாம்.

குண்டூர்த் தாய் செய்தது சரியா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு, இன்னொரு மகளுக்காக நாள்கணக்கில் குரலை இயல்பாக வைத்துக்கொண்டு பேசியவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த முடிவைத் தனியாக எடுக்க நேர்ந்ததுதான் என்னை உறுத்துகிறது. அணியோடு போகும் ஒருவரின் எண் ஒவ்வொரு வீரரின் வீட்டிலும் இருக்க வேண்டும். ‘இப்படி ஆகிவிட்டது, எப்படிச் சொல்வது?’ என்று அந்த எண்ணில் கேட்க முடிய வேண்டும். எடுத்தவர் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, செய்தியைச் சொல்லி, அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, ஊருக்குப் போக வேண்டும் என்றால் அன்றைக்கே டிக்கெட் எடுத்துக் கொடுக்க வேண்டும்.